வெற்றுத் தொட்டில்: விழே லெ புரூனின் ஓவியக் கலை

உருவப்படம் எழுதுங் கலைஞர் இரண்டிற்குக் கடமைப்பட்டவர். பொருள் தந்து படம் எழுதுவிப்போரின் விருப்பம் ஒன்று; கண்ட முகத்தின் உண்மை மற்றொன்று. இவ்விரண்டும் முரணுமிடத்துக் கலைஞர் எப்பக்கம் நின்றார் என்பதே அவர்தம் கலையை அளக்குங் கோலாகும். பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் வாழ்ந்த எலிசபெத் விழே லெ புரூன் (1755–1842) என்னும் ஓவியப் பெண்மணியை, அரண்மனைக்கு முகத்துதி செய்தவர் என ஒதுக்குவாருளர். இக்கோல் கொண்டு அளப்பின், அத்தீர்ப்புப் பாதி உண்மையே என்பது புலனாகும்.

பாரிசு நகரிற் பிறந்த இவர், ஓவியராகிய தம் தந்தையிடம் முதற்பயிற்சி பெற்று, பன்னிரண்டாம் வயதில் அவரை இழந்தார். இளமையிலேயே தூரிகையாற் பொருளீட்டிக் குடும்பத்தைத் தாங்கினார். 1778 இல் அரசி மரி அந்துவானெத்தின் உருவத்தை எழுதும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. 1783 மே 31 ஆம் நாள், அரச ஓவியக் கழகம் இவரையும் அதெலாயித் லபீல் கியார் என்னும் மற்றோர் ஓவியப் பெண்மணியையும் ஒருங்கே உறுப்பினராக ஏற்றது. கணவர் ஓவிய வணிகர் என்பது இவருக்குத் தடையாயிற்று. அத்தடையை நீக்கியது அரசியின் ஆதரவேயாகும். எனவே, இவர் அரசிக்குப் பட்ட கடன் சிறிதன்று.

அக்கடனைத் தீர்த்த முறையிலேதான் இவர்தம் கலையின் மாண்பு விளங்குகின்றது. 1785 இல் வெடித்த வைர மாலை வழக்கினால் அரசியின் பெயர் பெரிதும் மாசுற்றது. ஊதாரி எனப் பழிக்கப்பட்டவரை நற்றாயாகக் காட்டும் நோக்குடன் பெரும் படமொன்று எழுதுவிக்கப்பட்டு, 1787 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. சிவந்த ஆடையணிந்த அரசி நடுவே அமர்ந்திருக்கின்றார். மடியில் இளைய மகன். தோளிற் சாய்ந்து நிற்பவள் மூத்த மகள். நகைப் பேழையோ பின்னே நிழலில் மறைந்து கிடக்கின்றது. பிள்ளைகளே அணிகலன் என்னும் பொருள் இதனாற் பெறப்படும். இம்மட்டில் நின்றிருப்பின் இது வெறும் அரசியற் பரப்புரையே.

ஆயின், வலப்புறத்தே மூத்த மகன் ஒரு தொட்டிலைச் சுட்டி நிற்கின்றான். தொட்டில் வெறுமையாக இருக்கின்றது. குழந்தை சோபி அவ்வாண்டு யூன் மாதத்தில் இறந்துவிட்டாள். மகுடத்தின் பெருமையைக் காட்ட வந்த படத்தில், மகுடத்தாலும் தடுக்கவியலாத சாவு இடம்பெற்றுவிட்டது. அரசியின் முகத்திற் காணப்படுவது செருக்கன்று, தளர்ச்சியே. சுட்டிய சிறுவனும் 1789 யூனில் இறந்தான். படம் அரசியின் புகழை மீட்கவில்லை. எனினும், மகவிழந்த தாயின் துயரை மெய்யாகப் பதிந்து வைத்தது. ஏவிய பணியில் தோற்று, ஏவாத பணியில் வென்ற ஓவியம் இது.

1789 ஒக்டோபரில், அரச குடும்பம் வேர்சேயிலிருந்து பாரிசுக்குக் கொண்டுவரப்பட்ட வேளை, இவர் தம் சிறு மகளுடன் நாட்டைவிட்டு வெளியேறினார். இத்தாலி, வியன்னா, உருசியா எனப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. புளோரன்சு நகரத்து ஊபீட்சிக் கூடத்திற்கென 1790 இல் எழுதிய தன்னுருவப் படத்திலும், தாம் அரசியின் முகத்தைத் தீட்டிக்கொண்டிருப்பதாகவே தம்மைக் காட்டினார். அதிகாரம் சரிந்த பின்னரும் மாறாத அந்நன்றியை முகத்துதி என்றல் பொருந்தாது.

இனி, குற்றச்சாட்டின் மறுபாதியையும் நோக்குதல் வேண்டும். சென்ற நாடெங்கும் இவர் எழுதியவை பெரும்பாலும் உயர்குடியினர் முகங்களே. அறுநூற்றுக்கும் மேற்பட்ட உருவப்படங்களை எழுதிய அத்தூரிகையை, புரட்சிக்குக் காரணமான மக்களின் பசி தீண்டவில்லை. 1835 முதல் 1837 வரை வெளிவந்த நினைவுக் குறிப்புகளிலும் பழைய உலகின் இனிமைக்கான ஏக்கமே மிகுந்துள்ளது. லபீல் கியாரோ பாரிசிலேயே தங்கி, 1791 ஆம் ஆண்டுக் கண்காட்சியில் உரோபெசுபியர் உள்ளிட்ட தேசிய மன்ற உறுப்பினரின் படங்களை வைத்தார். அவருக்கும் காலம் இரங்கவில்லை. அரசனின் தம்பிக்கென அவர் எழுதிய பேரோவியம் 1793 இல் ஆணையின் பேரில் அழிக்கப்பட்டது. சென்றவர் நாட்டை இழந்தார்; நின்றவர் தம் ஓவியத்தை இழந்தார்.

ஆதலின், எக்கட்சி சார்ந்தார் என்பது கொண்டு இவ்விருவர் கலையையும் மதிப்பிடல் முறையன்று. விழே லெ புரூனின் கண் அன்பு சென்ற இடமெல்லாம் கூர்மையாகச் சென்றது. அன்பு செல்லாத இடத்திற் கண்ணுஞ் செல்லவில்லை. அதுவே அவர்தம் குறை. அக்குறையை மறைத்தல் வேண்டா. அதனாலே அவ்வெற்றுத் தொட்டிலைக் காணாது விடுதலுந் தகாது.