ராத்திரி முழுக்க விழித்திருக்கும் சுவிட்ச்

அன்று காலை மெயிலில் மூன்றே வரிகள் இருந்தன. 2.10க்குக் கோடவுன் கேமரா பதில் சொல்லவில்லை. போர்ட்டின் மின்சாரத்தை நிறுத்தித் திரும்பக் கொடுத்தாயிற்று. மறுபடி பிங் செய்ததில் ஐந்துக்கு ஐந்தும் வந்துவிட்டது. இதை எழுதி அனுப்பியவர் மனிதர் யாருமில்லை. கோடவுன் மூலையில் பஞ்சுத் தூசி படிந்து நிற்கும் சிஸ்கோ சுவிட்ச். சந்தோஷத்தில் அந்த மெயிலை நான்கு முறை படித்தேன்.

நூற்பாலை ஒன்றின் நெட்வொர்க் என் பொறுப்பு. அதற்கு முன் மூன்று மாதமாக அந்த ஒரு கேமராவால் என் தூக்கம் கெட்டிருந்தது. "சார், கோடவுன் கேமரா மறுபடியும் படம் வரலைங்க" என்று இரவுக் காவலர் பாவம் தயங்கித் தயங்கிக் கூப்பிடுவார். எழுந்து லேப்டாப்பைத் திறந்து, சுவிட்சுக்குள் நுழைந்து, 'பவர் இன்லைன் நெவர்' அடித்து, பத்து எண்ணி, 'பவர் இன்லைன் ஆட்டோ' அடிப்பேன். படம் வந்துவிடும். ஒவ்வொரு முறையும் இதே கட்டளைகள்தான். என்றும் மாறாத ஒரு வேலைக்கு ஒரு மனிதன் ஏன் கண் விழிக்க வேண்டும்?

விடை அந்தச் சுவிட்சுக்குள்ளேயே இருந்தது. எம்பெடட் ஈவென்ட் மேனேஜர், சுருக்கமாக ஈஈஎம். சிஸ்கோவின் ஐஓஎஸ்ஸிலேயே இருக்கும் வசதி. எங்கள் சுவிட்சில் அதற்கென்று தனியாக ஒரு ரூபாய் செலவழிக்கவில்லை. எது நடந்தால், என்ன செய்ய வேண்டும் என்ற இரண்டையும் எழுதிக்கொடுத்தால் போதும். குறிப்பிட்ட சிஸ்லாக் செய்தி வந்தால், ஐந்து நிமிடம் கடந்தால், யாராவது ஒரு கட்டளையை அடித்தால், எஸ்என்எம்பி எண் ஒன்று எல்லை தாண்டினால் என்று எதை வேண்டுமானாலும் கவனிக்கச் சொல்லலாம். நடந்ததும், நாம் கையால் அடிக்கும் கட்டளைகளை அதுவே அடிக்கும், மெயில் அனுப்பும், ஃபிளாஷில் குறித்து வைக்கும். சில வரிகளில் எழுதும் இந்தக் குறிப்புக்கு ஆப்லெட் என்று பெயர்.

கேமரா தொங்கிப்போனாலும் லிங்க் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும். அதனால் போர்ட் விழுந்ததா என்று பார்ப்பதில் பயனில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய், பூஜ்யம் சதவீதம் என்று வந்தால் மின்சாரத்தை நிறுத்து, பத்து விநாடி பொறு, திரும்பக் கொடு என்று எழுதினேன். முதல் இரவே கேமரா அடியோடு செத்துக் கிடந்தது. காரணம் தெரிந்ததும் இந்தக் கருவியின் மேல் மரியாதைதான் கூடியது. ஓர் ஆப்லெட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் நேரம் 20 விநாடி. பதில் வராத ஐந்து பிங்குக்குத் தலைக்கு இரண்டு விநாடி வீதம் பத்து போய்விட்டது. காத்திருப்பு இன்னொரு பத்து. மின்சாரத்தை நிறுத்திய கையோடு ஆப்லெட்டின் ஆயுள் முடிந்துவிட்டது! 'மேக்ஸ்ரன்' என்ற சொல்லோடு 120 என்று சேர்த்தேன். அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறியதில்லை. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: செயல்களுக்கு நாம் இடும் எண்களை அது எழுத்தாகத்தான் வரிசைப்படுத்தும், 10 என்பது 2க்கு முன்னால் ஓடிவிடும். 010, 020 என்று இட்டுப் பழகிவிட்டால் கவலையில்லை.

ஆனால் என்னை முழுதாக மயக்கியது கேமரா இல்லை, மைய சுவிட்சில் நடந்த கதை. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை நள்ளிரவில் எல்லாமே மந்தமாகும். காலையில் நான் போய்ப் பார்த்தால் சிபியு அமைதியாக இருக்கும், எந்தத் தடயமும் இருக்காது. இந்த வேலையில் இதைவிடக் கொடுமை கிடையாது. வலி இருந்ததற்குச் சாட்சியே இல்லாமல் வைத்தியம் பார்ப்பது எப்படி? அந்த நேரத்தில் அங்கே இருந்த ஒரே சாட்சி சுவிட்ச்தான். அதற்குப் பேச வாய் கொடுத்தேன். சிபியு 80 சதவீதத்தைத் தொட்டால், எந்தெந்த வேலை எவ்வளவு எடுக்கிறது என்ற பட்டியலை நேரத்தோடு ஃபிளாஷில் ஒரு கோப்பின் கடைசியில் சேர்த்துக்கொண்டே போ, அவ்வளவுதான். எதையும் மாற்றாதே, பார்த்து மட்டும் எழுது. மூன்றாம் நாள் கோப்பைத் திறந்தேன். பட்டியலின் உச்சியில் 'ஏஆர்பி இன்புட்'. இல்லாத முகவரிகளையெல்லாம் யாரோ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். தேடிப்போனால், கணக்குப் பிரிவில் ஒரு கம்ப்யூட்டரில் யாரோ எப்போதோ போட்டு மறந்த ஸ்கேன் மென்பொருள், இரவில் எல்லா சப்நெட்டையும் துழாவிக்கொண்டிருந்தது. அதை நீக்கிய இரவிலிருந்து மந்தமும் இல்லை.

அதன்பின் கை நிற்கவில்லை. சிடிபி வழியாகப் பக்கத்துச் சாதனம் தன் பெயரைச் சொன்னதும், அந்தப் பெயரையே போர்ட்டின் விளக்கமாக எழுதிக்கொள்கிறது சுவிட்ச். எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று இப்போது யாரும் நோட்டுப் புத்தகம் தேடுவதில்லை. யாராவது கான்ஃபிகை மாற்றினால் உடனே பிரதி ஒன்று சர்வருக்குப் போய்விடுகிறது. இதில் மட்டும் கவனம் வேண்டும்: ஆப்லெட்டே கான்ஃபிக் பக்கம் போய் வந்தால் அதே சிஸ்லாக் செய்தி பிறக்கும், அது மறுபடி ஆப்லெட்டை எழுப்பும், முடிவே இருக்காது.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்று வைத்திருக்கிறேன். ஸ்பின்னிங் ஷெட்டில் எலித் தொல்லை. தாமிரக் கேபிளுக்குள் துடிப்பை அனுப்பி, எந்த ஜோடிக் கம்பி எவ்வளவு தூரத்தில் அறுந்திருக்கிறது என்று சொல்லும் டிடிஆர் சோதனை சுவிட்சிலேயே உண்டு. அந்தப் பக்கத்து போர்ட் விழுந்த நொடியில் அதை ஓட்டி, விடையை மெயிலில் போடச் சொல்லப்போகிறேன். அடுத்த முறை எலி கடித்தால், சீலிங்கில் ஏறும் பையன் எத்தனையாவது மீட்டரில் தேட வேண்டும் என்று தெரிந்துகொண்டே ஏணியை எடுப்பான்.