வெள்ளை வைன்: விலையல்ல, நாக்குதான் முக்கியம்

நோர்வேயில் வைன் விலை அதிகம் என்பது பாதி உண்மை. மலிவான வைனுக்குத்தான் இங்கே விலை கூட. மதுவரி போத்தலின் விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. எத்தனை வீதம் அல்ககோல், எவ்வளவு அளவு என்று பார்த்தே விதிக்கப்படுகிறது. ஒரே அளவும் ஒரே வீதமும் என்றால் 130 குரோனர் போத்தலுக்கும் 500 குரோனர் போத்தலுக்கும் மதுவரி ஒன்றுதான். ஆகவே மூன்று மலிவுப் போத்தலுக்குப் பதில் நல்ல போத்தல் ஒன்று வாங்குவதே இந்த நாட்டுக்குப் பொருந்தும் கணக்கு. அந்த ஒன்றை ரசிக்கத் தெரிந்தால் போதும்.

வாங்கும்போது

ஒஸ்லோவின் ரொம்சோஸில், பாறைக்குள் குடைந்து கட்டிய நிலையத்தில் வெஸ்ட்லி பக்கம் போகும் டி-பானே மெட்ரோவில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் ஸ்டொவ்னர். அங்கே ஒரு வின்மொனோபோலே இருக்கிறது. 1922இல் தொடங்கிய இந்த அரச நிறுவனத்தின் கடைகளில்தான் 4.7 வீதத்துக்கு மேற்பட்ட மது கிடைக்கும். ஒவ்வொரு வைனுக்கும் கடிகார முகம் போன்ற சிறு குறிகள் போட்டிருப்பார்கள். வெள்ளை வைனில் அவை வாய் நிறையும் தன்மை, புளிப்பு, இனிப்பு ஆகிய மூன்றையும் காட்டும். லேபிளில் உள்ள பிரெஞ்சுப் பெயர் புரியாவிட்டாலும் இந்த மூன்றையும் பார்த்துத் தெரிவு செய்யலாம்.

எதில் தொடங்குவது

பிரெஞ்சு வைனின் லேபிளில் பெரும்பாலும் ஊர்தான் இருக்கும், திராட்சையின் பெயர் இருக்காது. ஷாப்லி என்றால் ஷார்டொனே திராட்சை. அந்த மண்ணில் ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழைய சிப்பி ஓடுகள் கலந்த சுண்ணாம்பு இருக்கிறது. வைன் மெலிந்து, புளிப்போடு, கூராக இருக்கும். அதே ஷார்டொனே தெற்கே மெர்சோவில் ஓக் பீப்பாயில் பதப்படும்போது வெண்ணெயும் வறுத்த கொட்டையும் மணக்கும். இந்த இரண்டையும் ஒரே மாலையில் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் இல்லை. சான்செர் என்பது லுவார் பகுதியின் சொவின்யோன் பிளான். பச்சிலையும் எலுமிச்சையும் கலந்த மணம். அல்சாஸ் ஒரு விதிவிலக்கு: அங்கே ரீஸ்லிங் என்று திராட்சையின் பெயரையே எழுதுவார்கள்.

குடிக்கும்போது

பிரிட்ஜில் இருந்து எடுத்த உடனே ஊற்றக்கூடாது. 4 பாகை குளிரில் மணம் எழும்பாது. ஷாப்லிக்கு 10 பாகையளவு, மெர்சோவுக்கு 12 பாகையளவு நல்லது. அரைமணி நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும். வாய் குறுகிய கிளாஸில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றுங்கள்.

முதலில் ஆட்டாமல் மணந்து பாருங்கள். பிறகு சுழற்றி மறுபடி மணந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே பெரும்பாலும் வைனின் கதை. நனைந்த காட்போட் மணம் வந்தால் தக்கை கெட்டிருக்கிறது. பில்லோடு போத்தலைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கலாம்.

ஒரு மிடறை வாய் முழுக்கப் பரவவிட்டுச் சில நொடி வைத்திருங்கள். கன்னத்தின் இரு பக்கமும் எச்சில் ஊறினால் அதுதான் புளிப்பு. விழுங்கியபின் சுவை எத்தனை நொடி நிற்கிறது என்று எண்ணுங்கள். பிரெஞ்சுக்காரர் அந்த ஒரு நொடியை ஒரு கொடாலி என்று அளவிடுவார்கள். பத்தைத் தாண்டினால் கையில் இருப்பது நல்ல வைன்.

நம் சாப்பாட்டோடு

முதல் கிளாஸைச் சாப்பாட்டுக்கு முன்னரே வெறுமனே குடியுங்கள். மிளகாய் நாக்கில் ஏறியபின் ஷாப்லியின் நுட்பம் தெரியாது. உறைப்பு அல்ககோலின் எரிவையும் கூட்டிவிடும். நண்டுக் கறிக்கு லேசான இனிப்புள்ள அல்சாஸ் வைன்தான் தாங்கும். தேசிக்காய் விட்ட மீன் சொதிக்கும் அவித்த நோர்வே இறாலுக்கும் ஷாப்லி பொருந்தும். மெர்சோவுக்குத் தேங்காய்ப்பாலில் வைத்த, உறைப்பு குறைந்த கணவாய் நல்ல துணை.

ஒரு போத்தலில் ஆறு பேர் சுவைக்கலாம், அதற்கு மேல் தேவையில்லை. சுவைத்த பிறகு காரை எடுக்காதீர்கள்: இங்கே சட்ட வரம்பு 0.2 புரொமில்லதான்.