ஒரே பேழையில் இரு நூல்கள்

சித்திரக்கதை என்றதும் நம் இல்லங்களில் இரு முகங்கள் நினைவில் எழுவதுண்டு. பாடநூலின் நடுவே இரும்புக்கை மாயாவியை ஒளித்து வைத்துப் படித்த பிள்ளையின் முகம் ஒன்று. அதைக் கண்டு பறித்துக் கொண்ட தந்தையின் முகம் மற்றொன்று. 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கிய நாளில் பள்ளி சென்ற பிள்ளைகள் இன்று பேரன் பேத்தி கண்டுவிட்டனர். அன்று பறிகொடுத்ததை இன்று கெட்டி அட்டையில், தொகுப்பு நூலாக, விலை பாராது வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்குகின்றனர். ‘இரத்தப் படலம்’ கதையின் 18 பாகங்களும் 2010இல் தமிழில் ஒரே தொகுப்பாக வந்தபோது அதை ஒரு குடும்ப விழாவைப் போலக் கொண்டாடியவர்கள் உண்டு. இதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. மாதந்தோறும் துண்டு துண்டாகப் படித்த கதையை முழுமையாகக் கையில் ஏந்த வேண்டும் என்பது நியாயமான ஆசையே.

ஆயினும் சேர்ப்பது வேறு, வாசிப்பது வேறு. பிரிக்கப்படாத உறையோடு நிற்கும் நூல், பூட்டிய பேழையில் இருக்கும் விவிலியத்தைப் போன்றது. அதற்கு மரியாதை உண்டு, பயன் இல்லை. தொகுப்பு நூலை வாங்குவோர் அதன் அமைப்பையும் சேர்த்து வாசிக்கக் கற்க வேண்டும் என்பது நம் எண்ணம். எத்தனை நூலாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது, எது பெரிது, எது சிறிது என்பவையும் சில வேளைகளில் கதையின் பகுதிகளே. இதற்கு நாம் அறிந்த சிறந்த சான்று, கத்தோலிக்கர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வரைந்த சித்திரப் புதினம். ‘பாக்ஸர்ஸ்’, ‘செயின்ட்ஸ்’ என்னும் பெயர்களில் இரு நூல்களாக 2013இல் அது வெளிவந்தது. தனித்தனியாகவும் கிடைக்கும், ஒரே பேழையில் இணையாகவும் கிடைக்கும். இரு அட்டைகளையும் அருகருகே வைத்தால், ஒன்றில் பாதியாக நிற்கும் இளைஞனின் முகமும் மற்றொன்றில் பாதியாக நிற்கும் பெண்ணின் முகமும் சேர்ந்து ஒரே முகமாகின்றன.

ஆசிரியர் ஜீன் லுவென் யாங், 1973இல் கலிபோர்னியாவில் சீனக் குடியேறிகளின் மகனாகப் பிறந்தவர். ஓக்லாந்து நகரின் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகள் கணினியியல் கற்பித்தவர். 2000ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று, திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சீனாவின் மறைசாட்சிகள் 120 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். அவர்களுள் 87 பேர் சீனர். 33 பேர் அயல்நாட்டு மறைபரப்பாளர்கள். பெரும்பாலோர் 1900ஆம் ஆண்டின் கலகத்தில் உயிர் நீத்தவர்கள். யாங் சார்ந்திருந்த சீனக் கத்தோலிக்கச் சமூகம் அதை விழாவாகக் கொண்டாடியது. சீன அரசோ கடுமையாகக் கண்டித்தது. அக்டோபர் முதல் நாள் நமக்குக் குழந்தை இயேசுவின் புனித தெரேசாளின் திருநாள். சீனருக்கு அது தேசிய நாள். ஒரே நாள், ஒரே மனிதர்கள்; ஒரு சாராருக்குப் புனிதர், மறு சாராருக்கு அந்நியரின் கையாட்கள். தாமே சீனராகவும் கத்தோலிக்கராகவும் இருந்த யாங் இந்தப் பிளவிலிருந்துதான் எழுதத் தொடங்கினார்.

முதல் நூலின் நாயகன் பாவ், ஷான்டுங் மாநிலத்துச் சிற்றூர்ச் சிறுவன். திருவிழாக்காலக் கூத்துகளில் வரும் தெய்வங்களும் வீரர்களுமே அவனுடைய உலகம். ஒருநாள் வெளிநாட்டுக் குரு ஒருவர் ஊருக்குள் வந்து, மக்கள் வணங்கிய நிலத் தெய்வத்தின் சிலையை எல்லாருடைய கண் முன்னும் உடைத்தெறிகிறார். பின்னர் அவனுடைய தந்தை அந்நியப் படைவீரரால் அடிபட்டு நடைப்பிணமாகிறார். பாவ் வளர்ந்து, கூத்துத் தெய்வங்கள் தன் உடலில் இறங்கும் சடங்கைக் கற்று, இளைஞரைத் திரட்டித் தலைநகர் பீக்கிங்கை நோக்கி நடக்கிறான். அவன்மீது இறங்குபவர் சீனாவின் முதற் பேரரசர். இரக்கத்தை இகழும் கொடியவர். நாம் பாவின் பக்கம் நிற்கிறோம். அவனோடு சினம் கொள்கிறோம். அப்படி நம்மை வெகுதூரம் நடத்திச் சென்ற பிறகு, பெண்களும் குழந்தைகளும் அடைக்கலம் புகுந்த கோவிலுக்கு அவன் தீயிடுவதை ஆசிரியர் காட்டுகிறார். அதற்குள் நாம் அவனிடமிருந்து விலகி நிற்க முடியாதபடி சிக்கிக் கொண்டிருக்கிறோம்.

மறைசாட்சிகளின் திருச்சபையைச் சேர்ந்த ஒருவர், அவர்களைக் கொன்றவனுக்குப் பெரிய நூலையும் மறைசாட்சிக்குச் சிறிய நூலையும் கொடுத்திருக்கிறாரே என்று நம்மில் சிலர் வருந்தக்கூடும். வருந்துமுன் வரலாற்றைச் சற்று நோக்குவோம். 1897 நவம்பரில் ஷான்டுங் மாநிலத்தில் செருமானியக் குருக்கள் இருவர் கொல்லப்பட்டனர். இரு வாரங்களுக்குள் செருமானியக் கடற்படை அங்கு வந்து ஜியாவ்ஜோ விரிகுடாவைக் கைப்பற்றிக் கொண்டது. குருக்களின் குருதி ஒரு துறைமுகத்திற்கு விலையாயிற்று. அவ்விருவரும் அதை வேண்டினரா? இல்லை. ஆனால் அவ்வூர் உழவனின் கண்ணுக்குச் சிலுவையும் பீரங்கியும் ஒரே கப்பலில் வந்து இறங்கின. 1858, 1860ஆம் ஆண்டுகளின் ஒப்பந்தங்கள் மறைபரப்பாளர்களுக்குத் தனிப் பாதுகாப்பை அளித்திருந்தன. பிரான்சு நாடு தன்னைக் கத்தோலிக்க மறைப்பணியின் காவலனாக நிறுத்திக் கொண்டது. இவற்றையெல்லாம் யாங் பாடமாக விளக்குவதில்லை. உடைந்த களிமண் சிலை ஒன்றே போதும் என்று விட்டுவிடுகிறார். அது போதுமானதாகவும் இருக்கிறது.

சிலையுடைப்பைப் பற்றி இன்னொரு சொல். ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் மார்சேய் நகர ஆயர் செரேனுஸ், மக்கள் படங்களை வழிபடுகிறார்கள் என்று அஞ்சித் தம் கோவில்களின் படங்களையே உடைத்தார். பெரிய கிரகோரியார் அவருக்குக் கடிதம் எழுதிக் கடிந்து கொண்டார். எழுத்தறியாதவர் சுவரைப் பார்த்து வாசிக்கிறார்கள் என்பதே அவர் கூறிய காரணத்தின் சாரம். சித்திரத்தில் கதை சொல்லும் கலைக்குத் திருச்சபை வழங்கிய பழமையான சான்றிதழ் அது. அதே கலையில், நம் குரு ஒருவர் பிறருடைய உருவத்தை உடைக்கும் காட்சி இன்று நம் முன் வைக்கப்படும்போது கண்ணைத் திருப்பிக் கொள்வது முறையாகாது.

இரண்டாம் நூலின் நாயகி பெயரற்றவள். நான்காவதாகப் பிறந்த பெண். சீன மொழியில் நான்கு என்னும் எண்ணின் ஒலி சாவு என்னும் சொல்லின் ஒலியை ஒத்தது. பாட்டனார் அவளுக்குப் பெயரிட மறுக்கிறார். பேய் என்று வீட்டார் இகழ, அவளும் பேயைப் போலவே முகத்தைக் கோணிக்கொண்டு திரிகிறாள். அவளைக் குணப்படுத்த அழைத்துச் செல்லும் வைத்தியர் ஒரு கிறிஸ்தவர். அவர் கிறிஸ்துவின் கதையைச் சொல்ல, அவளுடைய கவனமெல்லாம் அங்குக் கிடைக்கும் தின்பண்டத்தில் இருக்கிறது. இந்த இடத்தில் யாங்கின் நேர்மை நம்மைக் கவர்ந்தது. நம் பக்தி நூல்களில் மனமாற்றம் எப்போதும் ஒளியோடும் கண்ணீரோடும் வரும். இங்கே பசியோடும் பிடிவாதத்தோடும் வருகிறது. அரிசிக்காகத் திருமுழுக்குப் பெற்றவர்கள் என்ற ஏளனத்தை எல்லா நாட்டுக் கிறிஸ்தவரும் கேட்டிருக்கின்றனர். யாங் அதை மறுத்து வாதாடவில்லை. தின்பண்டத்திற்காக வந்தவள் இறுதிவரை நிற்கிறாள் என்பதை மட்டும் காட்டுகிறார்.

அவள் பெறும் திருமுழுக்குப் பெயர் விபியானா. 1853இல் உரோமையின் நிலத்தடிக் கல்லறையில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கன்னி மறைசாட்சியின் பெயர் அது. பின்னாளில் லாஸ் ஏஞ்சலஸ் பேராலயம் அப்பெயரைத் தாங்கியது. அந்தப் புனிதையைப் பற்றிக் கல்லறை எழுத்துக்கு மேல் யாருக்கும் ஒன்றும் தெரியாது. பெயரற்ற பெண்ணுக்கு வரலாறற்ற புனிதையின் பெயர்! இதற்குப் பொருத்தமான வேறு பெயர் கிடைப்பது அரிது.

விபியானாவுக்குக் காட்சியில் தோன்றுபவர் ஜோன் ஆஃப் ஆர்க். 1431இல் எரிக்கப்பட்ட அவர் 1920இல்தான் புனிதராக அறிவிக்கப்பட்டார். ஆகவே கதை நடக்கும் காலத்தில் அவர் இன்னும் பீடமேறவில்லை. இதிலுள்ள முரண் ஆழமானது. ஜோன் யார்? அந்நியப் படையைத் தன் மண்ணிலிருந்து விரட்ட வாளேந்திய நாட்டுப்புறப் பெண். அப்படியானால் சீனாவில் அவருடைய வழியில் நடப்பவர் யார்? விபியானாவா, பாவா? இந்த வினாவை ஆசிரியர் எங்கும் சொல்லாகக் கேட்கவில்லை. இரு நூல்களையும் அடுத்தடுத்துப் படிப்பவரின் நெஞ்சில் அது தானாக எழுகிறது. ஒன்றை மட்டும் வாங்கியவருக்கு எழாது.

வண்ணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாவின் நூலில் தெய்வங்கள் இறங்கும் பக்கங்கள் கூத்து மேடையைப் போலச் சிவப்பும் பச்சையும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கின்றன. விபியானாவின் நூலோ பெரும்பாலும் மங்கிய பழுப்பு. ஜோன் வரும் இடங்களில் மட்டும் பொன்னிறம். நம் வீடுகளில் தொங்கும் புனிதர் படங்களின் பளபளப்புக்குப் பழகிய கண்ணுக்கு இது தலைகீழ். கொலைக்குச் செல்பவனின் உலகம் திருவிழாவாகவும், விசுவசிப்பவளின் உலகம் புழுதியாகவும் இருக்கிறது. அனாதை இல்லத்தில் பிள்ளைகளைப் பேணும் நாள்களுக்கு வேறு என்ன நிறம் இருக்க முடியும்?

இரு நூல்களையும் பிணைக்கும் முடிச்சு ஓர் உள்ளங்கையில் இருக்கிறது. முதல் நூலில், இரக்கத்தின் தெய்வமான குவான் யின் தன் கண்களையும் கைகளையும் தானமாக ஈந்த கதை சொல்லப்படுகிறது; அவருடைய ஆயிரம் கைகளிலும் கண்கள் திறக்கின்றன. இரண்டாம் நூலில் விபியானாவுக்குத் தோன்றும் கிறிஸ்துவின் உள்ளங்கைகளிலும் கண்கள் இருக்கின்றன. இதைக் கண்டு மதக்கலப்பு என்று முகம் சுளிப்போர் இருக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஆணி துளைத்த இடமே பிறர் துன்பத்தைக் காணும் இடம் என்பது நல்ல இறையியல். 1965இல் சங்கம் பிற சமயங்களைக் குறித்து வெளியிட்ட ஏடும், அவற்றிலுள்ள உண்மையும் தூய்மையுமான எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்றே கற்பித்தது. இவ்வளவு துணிவுடைய ஒரு படத்தை நம் மறைக்கல்வி நூல்களில் நாம் கண்டதில்லை.

குறையும் உண்டு. சிலையை உடைத்த குரு, இரண்டாம் நூலில் விபியானாவுக்கு அடைக்கலம் தருபவராக வந்தும், முழு மனிதராக உருப்பெறவில்லை. கடுமையின் பின்னே என்ன இருந்தது என்பதை மேலோட்டமாகத் தொட்டு நகர்கிறார் ஆசிரியர். அதே ஷான்டுங்கின் தென்பகுதியில், அதே ஆண்டுகளில், தைரோல் நாட்டு மலைமகன் யோசேப்பு பிரைனாடெமெட்ஸ் சீனருள் சீனராக உழைத்தார். 1908இல் காய்ச்சல் கண்டு அங்கேயே இறந்தார். 2003இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அத்தகையவர் ஒருவரின் நிழலாவது இக்கதையில் விழுந்திருந்தால் தராசு இன்னும் செம்மையாக நின்றிருக்கும். சிறிய நூல் சிறியதாக இருப்பதில் நமக்கு மறுப்பில்லை. அதன் இறுதிப் பகுதி விரைவதில்தான் மனக்குறை. விபியானா போர்மங்கையாக எழத் துடிப்பதற்கும், எளியவளாகச் சாவதற்கும் இடையே ஓர் இரவாவது நமக்குக் காட்டப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டையும் கலந்து ஒரே நூலாக்கியிருக்கலாமே என்ற கேள்விக்கு நம் மரபிலேயே விடை உண்டு. இரண்டாம் நூற்றாண்டில் தாசியான் என்பவர் நான்கு நற்செய்திகளையும் இழைத்து ஒரே நூலாக்கினார். சிரியாவின் கோவில்களில் அது நெடுங்காலம் வாசிக்கப்பட்டது. ஐந்தாம் நூற்றாண்டில் ஆயர் தியோடரெத் தம் மறைமாவட்டத்தில் அதன் 200க்கும் மேற்பட்ட படிகளை நீக்கி, நான்கு நற்செய்திகளையே வைத்தார். முரண்படும் இடங்களோடு நான்கும் இருக்கட்டும் என்பதே திருச்சபையின் தீர்ப்பு. யாங்கின் பேழையும் அத்தகையதே. பங்கு நூலகத்தில் இவற்றை வைக்க நேர்ந்தால், பட்டியல் எழுதுபவர் ஒன்றை வரலாற்றிலும் மற்றொன்றைப் புனிதர் வாழ்விலும் சேர்த்துவிடக் கூடும். பேழையைப் பிரிக்காமல் ஒரே வாசகரிடம் இரண்டையும் கொடுத்தனுப்புவதே நலம்.

இது சீனாவின் கதை. ஆயினும், 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்ட தேவசகாயத்தை ஆண்டுதோறும் நினைவுகூரும் நமக்கு இதில் ஒரு பங்கு இருக்கிறது. 1752இல் காற்றாடி மலையில் அவரைச் சுட்ட வீரர்களுக்கும் வீடுகள் இருந்தன, தாய்மார் இருந்தனர், வணங்கிய தெய்வங்கள் இருந்தன. நம் நாடகங்களில் அவர்கள் மீசை முறுக்கி வந்து துப்பாக்கியை நீட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அவர்களுள் ஒருவனுக்கு ஒரு நூலைக் கொடுக்கும் எழுத்தாளர் நம்மிடையே தோன்றுவாராயின், அவரை நாம் வரவேற்போமா, வழக்குத் தொடுப்போமா?

இரண்டாம் நூலின் கடைசிப் பக்கங்கள், முதல் நூல் மறைத்து வைத்திருந்ததை வெளிப்படுத்துகின்றன. விபியானாவைக் கொன்றவன் பாவ். சாவதற்கு முன் அவள் அவனுக்கு ஒரு செபத்தைக் கற்றுக் கொடுக்கிறாள். பின்பு தலைநகரில் தோற்று, குண்டடிபட்டுப் பிணங்களிடையே கிடக்கும் அவனை அந்நியப் படைவீரர் கண்டுபிடிக்கின்றனர். அவன் அந்தச் செபத்தைச் சொல்கிறான். கிறிஸ்தவன் என்று எண்ணி அவர்கள் அவனை விட்டுவிடுகின்றனர். உயிர் பிழைக்கச் சொன்ன பொய்யா அது, அவனறியாமல் அவன் வாயில் எழுந்த மன்றாட்டா? யாங் முகத்தை மட்டும் வரைந்து நிறுத்திக் கொள்கிறார். கொல்லப்பட்டவளின் சொற்கள் கொன்றவனின் நாவில் இருக்கின்றன; அவன் எழுந்து நடக்கிறான்.