வாங்கிப் பாடும் குரல்: நவராத்திரி கிருதிகளும் கோஷ்டி மரபும்

நவராத்திரி வந்துவிட்டால் ஆரியசாலைக்காரர்களுக்கு ஊர் எல்லையே கொஞ்சம் மாறிவிடும். பத்மநாபபுரத்துத் தேவாரக்கெட்டிலிருந்து சரஸ்வதியும், வேளிமலையிலிருந்து குமாரசுவாமியும், சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கையும் களியக்காவிளை வழியாகத் திருவனந்தபுரம் வந்து சேர்வார்கள். முருகன் நம் ஆரியசாலைக் கோயிலிலும், நங்கை செந்திட்டைக் கோயிலிலும், கலைமகள் கோட்டைக்குள் நவராத்திரி மண்டபத்திலும் கொலுவிருப்பார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட மூர்த்தி என்பது தெற்கே வழங்கும் ஐதிகம். அவள் முன்னால் ஒன்பது மாலைகளும் பாடப்படுவதற்கென்றே சுவாதித் திருநாள் ஒன்பது கிருதிகள் செய்து வைத்தார். சங்கராபரணத்தில் தொடங்கி, கல்யாணி, சாவேரி, தோடி, பைரவி, பந்துவராளி, சுத்த சாவேரி, நாட்டக்குறிஞ்சி எனப் போய் ஆரபியில் முடியும் வரிசை அது. இந்தக் கிருதிகளை யார் நன்றாகப் பாடினார்கள் என்ற பேச்சு இங்கே ஒவ்வோர் ஆண்டும் நடக்கிறது. ஆனால் அந்தப் பேச்சு கச்சேரி மேடைக்குரிய அளவுகோலையே எடுத்துக்கொள்கிறது. ஆலாபனை எவ்வளவு விரிந்தது, நிரவல் எங்கே எடுத்தார், சுரம் எப்படித் தீர்மானமாயிற்று என்பதே கேள்வி. இந்தக் கிருதிகளுக்கு வேறோர் அளவுகோல் முதலில் வரவேண்டும் என்பது என் கருத்து. ஒருவர் பாடிய வரியைப் பக்கத்திலிருக்கும் பல குரல்கள் அப்படியே வாங்கித் திருப்பிப் பாட முடிகிறதா என்பதே அது.

இது நானாகக் கட்டிய அளவுகோல் இல்லை. மண்டபத்தின் நடைமுறையிலேயே இருக்கிறது. கச்சேரிக்கு முன் தோடயமங்களம் பாடுகிறவர்கள் முல்லமூடு பாகவதர்கள். தலைமுறை தலைமுறையாக அரண்மனைப் பாட்டுக்கு உரிமைப்பட்ட பாடகர் குழு. அன்றைய கிருதியில் முக்கியப் பாடகர் ஒரு வரியைப் பாடியதும், அவர்கள் அதை வாங்கிச் சேர்ந்து பாடுவது மரபு. மாலை 6 மணிக்குத் தொடங்கி 8.30க்குள் முடிந்தாக வேண்டும், கைதட்டல் கிடையாது, மிருதங்கத்தோடு தானம் பாட வேண்டும் என்ற மற்றக் கட்டுப்பாடுகளை எல்லோரும் வியந்து சொல்வார்கள். கோஷ்டியை மட்டும் சடங்கின் ஓரத்தில் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஒரு வரி பல வாய்களால் திரும்பச் சொல்லப்படப் போகிறது என்று தெரிந்து பாடுகிறவரின் பாட்டு வேறு விதமாகத்தான் அமையும். சங்கதிகள் அளவோடு நிற்கும். பதம் பிளக்காது. மூச்சு எடுக்கும் இடம் பொருள் முடியும் இடமாக இருக்கும். கைதட்டல் இல்லாததும் இதற்கே துணை செய்கிறது. சபையை எழுப்புவதற்கென்று ஒரு பிடியை நீட்ட வேண்டிய தேவை பாடகருக்கு எழுவதில்லை.

கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒன்பது ராகங்களும் கோஷ்டிக்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. சங்கராபரணத்தின் காந்தாரம் அசையாமல் நிற்கக்கூடியது. பத்துப் பேர் அங்கே கார்வை கொடுத்தால் சுருதி தூண்போல நிற்கும். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் தொட்டு விலகுகிற சுரங்கள். கனமான அசைவு இல்லை. ஆதலால் குரல்கள் தாமாகவே ஒன்றுசேரும். முதல் நாளும் ஒன்பதாம் நாளும் எளிதில் நிறைவு தருவதற்கு இதுவும் ஒரு காரணம். நான்காம் நாள் தோடி அப்படியல்ல. அதன் காந்தாரம் அசைந்தே வாழ்வது. அந்த அசைவின் அகலம் ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒருவர் அகலமாகவும் அடுத்தவர் நெருக்கமாகவும் ஆட்டினால் கேட்பது தோடி அல்ல, வெறும் கலக்கம். ‘பாரதி மாமவ’ பாடும்போது கோஷ்டி செய்ய வேண்டியது, அசைவைக் கைவிடுவதும் இல்லை, ஆளுக்கொரு விதமாக ஆட்டுவதும் இல்லை. ஒரே வேகத்தில், ஒரே அளவில் அசையப் பழகுவது. அதற்குச் சவுக்க காலம் வேண்டும், ஒரே பாடாந்தரம் வேண்டும், ஆண்டு முழுக்கச் சேர்ந்து பாடிய பழக்கம் வேண்டும். மூன்றாம் நாள் சாவேரியின் ரிஷபத்திலும் இதே சோதனைதான். ஒரு கோஷ்டியின் தரத்தைப் பார்க்க விரும்புகிறவர்கள் இந்த இரண்டு நாட்களில் போய்க் கேட்கலாம்.

திருவையாற்றோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். தியாகராஜர் ஆராதனையில் பஞ்சரத்ன கிருதிகளை எல்லோரும் சேர்ந்து பாடும் முறை 1940களில் நிலைபெற்றது. அங்கே நூற்றுக்கணக்கான குரல்கள். அந்தக் கூட்டம் தரும் உணர்ச்சி பெரிது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் ‘சாதிஞ்செனெ’ ஆரபியில் எழும்பி நிற்பதுபோல வராளிக் கீர்த்தனம் நிற்பதில்லை. வராளியின் மத்தியமம் பஞ்சமத்தை ஒட்டி ஏறி நிற்க வேண்டியது. அந்த நுண்மை கூட்டத்தில் கரைந்துவிடுகிறது. முல்லமூடு மரபு சிறிய குழு மரபு. அதன் பலம் அங்கேதான். கடல்கடந்தும் இதே விவாதம் நடந்திருக்கிறது. பலஸ்த்ரீனா, விக்டோரியா, பேர்ட் முதலியோர் 16ஆம் நூற்றாண்டில் செய்த தேவாலயப் பாடல்களை, கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரிப் பாடகர் குழு சிறுவர்களின் மேல்குரலோடு, எதிரொலி நிறைந்த தன் தேவாலயத்தில் வழிபாட்டின் பகுதியாகப் பாடுகிறது. 1973இல் பீட்டர் பிலிப்ஸ் தொடங்கிய டாலிஸ் ஸ்காலர்ஸ் குழுவோ, பெரும்பாலும் ஒரு பகுதிக்கு இரண்டே குரல் என்று வைத்து, மேல்குரலில் பெண்களை நிறுத்தி, ஒவ்வோர் இழையும் தனித்துக் கேட்கும்படி பாடுகிறது. எது சரி என்று அங்கே இன்னும் முடிவாகவில்லை. ஆனால் இரு தரப்பாரும் ஒன்றை ஒப்புக்கொண்டுதான் பேசுகிறார்கள்: குழுவின் அளவும் இடத்தின் ஒலியும் அந்த இசையின் அமைப்பைச் சேர்ந்தவை, வெளியே ஒட்டியவை அல்ல. நம் விமரிசகர்கள் கோஷ்டியைப் பற்றி இந்த அளவுக்குக்கூடப் பேசுவதில்லை.

இதற்கு இரண்டு மறுப்புகள் வரும். கர்நாடக சங்கீதத்தின் உயிர் மனோதர்மம். கோஷ்டியை அளவுகோலாக்கினால் கலைஞனைக் கட்டிப்போடுகிறீர்கள் என்பது ஒன்று. ராக ஆலாபனையும் தானமும் நிரவலும் சுரமும் மண்டபத்தில் தாராளமாக உண்டு; அவற்றுக்கு யாரும் அணை போடவில்லை. நான் கேட்பது கிருதி என்ற உருப்படி பாடப்படும் நேரத்துக்கு மட்டும். இரண்டாவது மறுப்பு வலுவானது. சுவாதித் திருநாள் பாடல்கள் பல, 1939இல் இங்கே சங்கீத அகாதெமி தொடங்கிய பிறகு, அதன் முதல் தலைவர் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதரும் அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயரும் செப்பனிட்டு மெருகேற்றிய வடிவில்தான் இன்று கேட்கின்றன. அப்படியிருக்க, எந்தப் பழமையை அளவுகோல் என்கிறீர்கள்? இந்தக் கேள்வியை ஒதுக்க முடியாது. ஆனால் அந்தப் பெரியவர்கள் செப்பனிட எடுத்துக்கொண்ட மூலமே பெருமளவு இந்தப் பாகவதர்களின் வாய்மொழிப் பாட்டுத்தான். ஆண்டுதோறும் குறித்த நாளில் பாடியாக வேண்டியிருந்ததால், மற்றக் கிருதிகளைவிட இந்த ஒன்பதுக்கும் தொடர்ச்சி அதிகம். செம்மங்குடி பாணி இவற்றுக்குக் கச்சேரிக் கம்பீரம் கொடுத்தது. அந்தக் கொடை பெரிது. அந்தக் கம்பீரத்தைத் தாங்கிய அடித்தளம் கோஷ்டியிடம் இருந்தது என்றே சொல்கிறேன்.

மரபை இவ்வளவு போற்றினால் பெண்களைப் பாடவிடாத மரபையும் போற்ற வேண்டுமே என்று சிலர் மடக்குவார்கள். போற்ற வேண்டியதில்லை. மரபில் ஒலியை உருவாக்கும் விதிகள் உண்டு. வாசலை மட்டும் காக்கும் விதிகளும் உண்டு. வரியை வாங்கிப் பாடுவது முதல் வகை. அதை எடுத்தால் கிருதியின் நடையே மாறும். பெண்கள் பாடக்கூடாது என்பது இரண்டாம் வகை. அதை நீக்கியபோது கிருதிக்கு ஒரு குறையும் வரவில்லை. 2006இல் இளவரசர் ராம வர்மாவின் முயற்சியால் அந்த விலக்கு நீங்கி, பாறசாலை பி. பொன்னம்மாள் அங்கே பாடினார். அகாதெமியில் சேர்ந்து படித்த முதல் பெண்மணி அவர். மண்டபத்தில் பாடும்போது எண்பதைக் கடந்த வயது. அவர் பாட்டின் குணங்களைப் பாருங்கள்: அவசரமில்லாத காலப்பிரமாணம், சிதையாத சாகித்தியம், வேண்டிய இடத்தில் மட்டும் சங்கதி. எந்தக் கோஷ்டியும் தயங்காமல் வாங்கிக்கொள்ளக்கூடிய பாட்டு அது. வாசல் திறந்ததால் உள்ளே வந்தது மண்டபத்துக்கே உரிய பாணிதான்.

ஆகவே இன்று ஒரு பாடகர் ‘ஜனனி மாமவ’வைப் பாடினால், பைரவியை எவ்வளவு விரித்தார் என்பதைப் பிறகு கேட்கலாம். முதலில் பின்னால் இருந்து வாங்கிப் பாடுகிறவர்களைக் கவனிக்க வேண்டும். வரி அவர்கள் கைக்கு முழுதாகப் போய்ச் சேர்ந்ததா, அவர்கள் திருப்பியது ஒரே குரலாக வந்ததா? அப்படிப் பாடக்கூடிய இளைஞர்களை உருவாக்குவது இந்த நகரத்துச் சபைகளுக்கும் இசைக் கல்லூரிக்கும் முடியாத காரியமல்ல. ஒன்பது கிருதிகளையும் மாணவர்களுக்குத் தனித்தனியாகச் சொல்லிக் கொடுப்பதற்கு முன், ஐந்தாறு பேரை ஒன்றாக உட்காரவைத்து, தோடியின் காந்தாரத்திலிருந்து தொடங்கலாம்.