முன்ஃபோர்க்கில் ஒரு பிளாஸ்டிக் டை

இத்தாலியின் முஜெல்லோ பந்தயத் தடத்தில், நீண்ட நேர்ச்சாலை முடிகிற இடம் சான் டொனாட்டோ வளைவு. 2023இல் பிராட் பைண்டரின் கேடிஎம் அந்த நேர்ச்சாலையில் மணிக்கு 366.1 கி.மீ. தொட்டது. அவ்வளவு வேகத்தையும் சில நொடிகளில் இறக்கும்போது பாரமெல்லாம் முன்சக்கரத்தில் சாய்கிறது. பின்சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிறது. அப்போதும் வண்டி அலையாமல் இருந்தால், அதில் பாதிப் பெருமை மெக்கானிக்குக்கு.

சாதாரண பைக்கிலும் சஸ்பென்ஷனைச் சரிசெய்யும் வேலை இதேதான். ஃபோர்க்கின் பளபளக்கும் குழாயில் ஒரு பிளாஸ்டிக் டையைக் கட்டி, சீலை ஒட்டித் தள்ளிவிடுவார்கள். ஓட்டிவிட்டு வந்து பார்த்தால், ஃபோர்க் எவ்வளவு அமுங்கியது என்பதை அது காட்டிக்கொடுக்கும். கடைசிவரை போய் முட்டியிருந்தால் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கம்ப்ரஷன் திருகை ஒரு கிளிக் இறுக்கி மறுபடி ஓட்டலாம். அல்லது ஃபோர்க் எண்ணெயின் மட்டத்தைச் சற்றே உயர்த்தலாம்: உள்ளே காற்றுக்கு இடம் குறைந்து, கடைசிச் சில மில்லிமீட்டரில் அந்தக் காற்றே இன்னொரு ஸ்பிரிங்காக நின்று எதிர்க்கும். எத்தனை அழகான ஏற்பாடு!

பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்கின் முன்னழுத்தத்தை, ஏற்றினால் ஸ்பிரிங் கெட்டியாகிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். ஆகாது, வண்டி நிற்கும் உயரம்தான் மாறும்.

பின்பக்கத்தை யாரும் கவனிப்பதில்லை. ஷாக் விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் தளர்ந்திருந்தால், பிரேக் பிடித்ததும் பின்ஷாக் சட்டென்று விரிந்து வால் தூக்கும். மிகவும் இறுக்கினாலும் வம்புதான்: ஷாக் விரியத் தாமதமாகி, மேடுபள்ளத்தில் டயர் தரையை விட்டுக் குதிக்கும்.