முற்பிறப்புணர்வும் தொடர்நிலை இசையும்: மணிமேகலை நோக்கில் ஒரு மேலை இசைத்தொகுப்பு

முன்னுரை

தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கும். இப்பகுப்பு இசைக்கும் பொருந்துவதே. பாடல்கள் தனித்தனியே நிற்கும் இசைத்தொகுப்பு தொகைநிலையை ஒத்தது. ஒரே கதையைப் பாடல்தோறும் வளர்த்துச் செல்வது பொருள்தொடர்நிலையை ஒத்தது. பின்னதனை மேலைநாட்டார் ‘கான்செப்ட் ஆல்பம்’ என்பர். அமெரிக்க இசைக்குழுவான டிரீம் தியேட்டர் 1999இல் வெளியிட்ட ‘மெட்ரோபொலிஸ் பார்ட் 2: சீன்ஸ் ஃப்ரம் எ மெமரி’ அவ்வகையில் பெரிதும் போற்றப்படுவது. மின்கிதாரின் வன்னொலியும் சிக்கலான தாளக்கணக்கும் கூடிய ‘புரோகிரசிவ் மெட்டல்’ என்னும் வகையைச் சார்ந்தது. அதன் ஈர்ப்பிற்கான காரணத்தை மணிமேகலையோடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கதையும் இசையும்

நிக்கோலஸ் என்பான் ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயில் முறையில் தன் முற்பிறப்பை உணர்கிறான். அப்பிறப்பில் அவன், 1928இல் கொலையுண்ட விக்டோரியா என்னும் பெண். அவளைக் காதலன் ஜூலியனே கொன்றான் என ஊர் நம்பியது. கொன்றவன் ஜூலியனின் உடன்பிறந்தானாகிய எட்வர்ட் என்பது இறுதியில் புலனாகிறது. கதை என்ற அளவில் இது துப்பறியும் புனைவின் தரத்தையே எட்டுகிறது. ஈர்ப்பு இசையமைப்பில் உள்ளது. சொல்லற்ற முன்னிசையில் ஒலித்த இசைத்துணுக்குகள் பின்வரும் பாடல்களில் வேறு வேகத்திலும் வேறு உணர்விலும் மீள்கின்றன. முன்பே கேட்டதாக உணரும் கேட்போன், எங்குக் கேட்டோம் எனத் தேடுகிறான். நிக்கோலசின் நிலையும் அதுவே. 1992இல் இக்குழு வெளியிட்ட முதற்பகுதிப் பாடலின் கூறுகளும் இதில் இடம்பெறுவதால், அப்பாடலையே இத்தொகுப்பின் முற்பிறப்பு எனலாம்.

ஒப்புமையும் வேறுபாடும்

மணிபல்லவத்தில் புத்தபீடிகையைக் கண்ட மணிமேகலை, தான் இலக்குமியாகவும் உதயகுமரன் இராகுலனாகவும் இருந்த பிறப்பை உணர்கிறாள். காஞ்சனன் வாளால் உதயகுமரன் வீழ்ந்தபின், இராகுலனாக அவன் மடையனைக் கொன்ற தீவினையே வந்து உறுத்தது எனக் கந்திற்பாவை விளக்குகிறது. பழைய காதலும் பழைய கொலையும் இரு படைப்பிற்கும் பொது.

எனினும் நினைவின் பயன் வேறுபடுகிறது. இசைத்தொகுப்பின் இறுதி ஒலிகள், மருத்துவனே எட்வர்டின் மறுபிறப்பென்றும் நிக்கோலசும் அவனால் கொல்லப்பட்டான் என்றும் குறிப்பால் உணர்த்துகின்றன. ஆங்கு நினைவு, சுழலை மீண்டும் தொடங்கி வைக்கிறது. மணிமேகலையிலோ பிறப்புணர்ந்தபின் அமுதசுரபி கைவருகிறது, சிறைக்கோட்டம் அறக்கோட்டமாகிறது, இறுதியில் பவத்திறம் அற அவள் நோற்கிறாள்.

தங்கவயற் சூழல்

இவ்வேறுபாடு கோலார் தங்கவயலில் வைத்து எண்ணத்தக்கது. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் பகுதிகளில் வேரூன்றியது. தங்கவயல் சித்தார்த்தா புத்தகசாலை அவர்தம் எழுத்துகளை நூலாக்கியது. பிறப்பால் இழிவு என்பதை மறுத்த அம்மரபினர்க்கு, முன்னை வரலாற்றை மீட்பது உரிமையை மீட்பதாகவே இருந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டபின் ‘லிட்டில் இங்கிலாந்து’ எனும் பழம்பெருமைப் பேச்சே அவ்வூரைப் பற்றி மிகுதியாகக் கேட்கப்படுகிறது. அப்பேச்சில் சுரங்கத்துள் மாண்டோர் இடம்பெறுவது அரிது. தங்கவயலைக் களமாகக் கொண்டு 2024இல் வெளிவந்த ‘தங்கலான்’ திரைப்படம் முன்னோர் நினைவைக் கதையின் அச்சாக்கியது, இக்குறையை உணர்ந்ததன் விளைவெனலாம்.

முடிவுரை

தொடர்நிலை இசையின் ஈர்ப்பு, கேட்போனையே நினைவுகூர்பவனாக்குவதில் உள்ளது. அவ்வகையில் டிரீம் தியேட்டரின் வெற்றி ஐயத்திற்கிடமற்றது. ஆயின் நினைவுகூர்ந்தபின் செய்யவேண்டுவது யாது என்னும் வினாவிற்கு அத்தொகுப்பில் விடையில்லை, மணிமேகலையில் உண்டு. சுரங்கத்தை நினைவில் மட்டுமே கொண்ட ஊருக்கு அவ்விடை இன்றும் வேண்டப்படுவதாகும்.