மாதிரி ரயிலுக்குப் பாயின்ட்: கட்டுவதா, வாங்குவதா?

வண்டியை ஒரு தடத்திலிருந்து மற்றொரு தடத்துக்குத் திருப்பும் பாயின்ட்தான் மாதிரி ரயில் பாதையில் அதிகம் தடம்புரளும் இடம். அமெரிக்காவில் பரவலான ஹெச்ஓ அளவில் (1:87) இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 16.5 மி.மீ. மட்டுமே. அதில் அரை மில்லிமீட்டர் பிசகுகூடப் பெரிய பிசகு.

பெக்கோ, அட்லஸ் போன்ற நிறுவனங்களின் பாயின்டை வாங்கினால் அன்றே பாதையில் பொருத்திவிடலாம். பெக்கோவில் நகரும் தண்டவாளங்களை ஒரு பக்கமாக அழுத்திப் பிடிக்கும் சுருள்வில்லும் உள்ளேயே இருக்கிறது. விரலால் தள்ளினாலே போதும். குறை, வடிவத்தில்தான். நிறுவனம் விற்கும் சில கோணங்களுக்கு ஏற்பவே பாதையை வளைக்க வேண்டும். வளைவின் நடுவே பிரியும் கிளைத்தடம் வேண்டுமென்றால், கடையில் கிடைக்கும் ஆரம் பெரும்பாலும் பொருந்தாது.

கையால் கட்டுபவர், காகிதத்தில் அச்சிட்ட வரைபடத்தின் மேல் செம்பு பூசிய குறுக்குக் கட்டைகளை அடுக்கி, தண்டவாளத்தை ஈயம் வைத்துப் பற்றவைக்கிறார். கடினமான வேலை, நகரும் தண்டவாளத்தின் முனையை அரத்தால் தேய்ப்பது. பக்கத் தண்டவாளத்தோடு அது ஒட்டி நிற்கும்போது நகத்தை ஓட்டினால் எங்கும் தட்டக் கூடாது. ஒவ்வொரு கட்டையிலும் செம்பை நடுவில் அறுத்து மின்னோட்டத்தைப் பிரிக்கவும் வேண்டும். ஒன்றை மறந்தாலும் ஷார்ட் சர்க்யூட். அதற்கு ஈடாக, எந்த வளைவுக்கும் பாயின்ட் கிடைக்கிறது. தடங்கள் குறுக்கிடும் ஃபிராக் முழுவதும் உலோகமாக இருப்பதால், அதன் துருவம் மாற ஒரு ஸ்விட்ச் வைத்துவிட்டால், சிறிய எஞ்சின் அங்கே நின்றுபோவதும் இல்லை. இப்போது வாங்கும் பாயின்ட்களிலும் மின்னூட்டம் பெறும் ஃபிராக் கிடைப்பதால், இந்தச் சாதகத்தை மட்டும் நம்பிக் கட்டத் தேவையில்லை.

பணம் மிச்சமாகும் என்ற வாதமும் பாதிதான் உண்மை. கனடாவின் ஃபாஸ்ட் டிராக்ஸ் நிறுவனம் விற்கும் அலுமினிய ஜிக் (பாகங்களை இடத்தில் பிடித்து நிறுத்தும் சட்டம்), அளவுகளைத் துல்லியமாகப் பிடித்துத் தருகிறது. ஆனால் ஒரு ஜிக், ஒரே வகைப் பாயின்டுக்குத்தான். அதே வகையில் நிறையக் கட்டினால்தான் அதன் விலை ஈடாகும். தவிர, ஜிக்கோடு கட்டுபவர், விரும்பிய வடிவம் என்ற முக்கியமான சாதகத்தையே கைவிடுகிறார்.

ஆகவே வண்டிகளை நிறுத்திவைக்கும் யார்டுக்கும் மறைவான தடங்களுக்கும் வாங்குவதே சரி. வடிவம் கடையில் கிடைக்காத இடங்களுக்கு மட்டும் காகித வரைபடத்தை வைத்துக் கட்டலாம். வாங்கியதோ கட்டியதோ, பாதையில் பதிக்கும் முன் அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏவின் அளவுத் தகட்டை வைத்துச் சரிபார்த்தே ஆக வேண்டும்.